நேரே வாருங்கள், நாற்காலியில் காயுங்கள்

"முன்பதிவு தேவையில்லை, நேரே வாருங்கள்" என்று கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்துவிட்டு, நேரே வந்தவரிடம் "முன்பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! ஒரு மனிதர் கேட்டிருந்தாலாவது திருப்பி நான்கு வார்த்தை சொல்லியிருப்பேன். கேட்டது ஒரு தொடுதிரை.

இங்கே டெக்சாஸில் மருந்துக்கடைக்குள்ளேயே ஒரு மூலையைத் தடுத்து நடத்துகிறார்களே, அந்தக் கிளினிக்குகளைத்தான் சொல்கிறேன். தொண்டை வலி, காது வலி, கண் சிவப்பு மாதிரியான சில்லறை உபாதைகளுக்கு. மருத்துவர் இருக்கமாட்டார். மேற்படிப்பு முடித்து, மருந்து எழுதித்தரும் உரிமை பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் இருப்பார். வார இறுதியில் குழந்தை மருத்துவரிடம் இடம் கிடைக்காது; மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனால் பில்லைப் பார்த்து நமக்குக் காய்ச்சல் வந்துவிடும். வேறு போக்கிடம் இல்லாமல் இங்கே வந்து விழுகிறோம்.

மகளுக்குக் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஸ்ட்ரெப் என்கிற பாக்டீரியாத் தொண்டைத் தொற்றாக இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்காமல் பள்ளிக்குள் விடமாட்டார்கள். தேவைப்பட்டது என்ன? தொண்டையில் பஞ்சுக்குச்சியால் ஒருமுறை தடவி எடுத்து, சில நிமிடங்களில் முடிவு சொல்லிவிடும் ஒரு சோதனை. அவ்வளவுதான். அந்தத் திரை அவள் பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை, காப்பீட்டு அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்ட பிறகுதான் சொன்னது, அடுத்த இடம் பிற்பகலில் என்று. முதலிலேயே சொன்னால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

உட்காரும் இடத்தின் அழகைக் கேளுங்கள். டயப்பர் அடுக்குக்கும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளுக்கும் நடுவில் சில நாற்காலிகள். நெஞ்சு கிழிய இருமும் பெரியவர், மூக்கு ஒழுகும் குழந்தைகள், அவர்களை உரசிக்கொண்டு ஷாம்பு எடுக்க வரும் ஆரோக்கியசாலிகள். நோயைப் பரப்புவதற்கென்றே இடம் பார்த்துப் போட்டதுபோல் இருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த ஓர் இளைஞர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டியபடி நேராக உள்ளே போனார். அவர் செயலியில் பதிவு செய்தவராம். அப்படியானால் கதவில் எழுதியிருப்பது யாருக்கு?

உள்ளே இருந்த அம்மையாரை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். ஒற்றை ஆள். பெயர் சொல்லி அழைப்பது, எடை பார்ப்பது, சோதிப்பது, கணினியில் தட்டுவது, கட்டிலைத் துடைப்பது எல்லாம் அவரே. சாப்பிட அரை மணி நேரம் கதவைச் சாத்தினால் வெளியே இருக்கும் அத்தனை பேரும் அவரைத்தான் முறைக்கிறார்கள். ஊருக்கு ஊர் கடை விரித்திருக்கும் நிறுவனத்துக்கு வரவேற்பில் ஒரு ஆளை வைக்கக் காசில்லையா?

இந்த வணிகம் பிறந்த கதை தெரிந்தால் இன்னும் பற்றிக்கொண்டு வரும். மின்னசோட்டாவில் ரிக் கிரீகர் என்பவர், மகனுக்கு இதே ஸ்ட்ரெப் சோதனைக்காக ஒரு வார இறுதியில் இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தார். அந்த எரிச்சலில்தான் கூட்டாளிகளோடு சேர்ந்து, 2000-இல் மினியாபொலிஸ் - செயின்ட் பால் பகுதியில் மளிகைக்கடைகளுக்குள் 'குவிக்மெடெக்ஸ்' என்று ஆரம்பித்தார். நோய்ப் பட்டியல் சிறியது, கட்டணம் வெளிப்படை, காப்பீட்டு வம்பே கிடையாது. இரண்டு மணி நேரம் பொறுக்காத ஒரு தகப்பன் தொடங்கிவைத்த தொழில் இது! எனக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

இதில் லாபம் இல்லை என்று வக்காலத்துக்கு வருவார்கள். தெரியும். வால்மார்ட்டே காப்பீட்டிலிருந்து வரும் தொகை போதவில்லை, செலவு ஏறிவிட்டது என்று தன் 51 மருத்துவ மையங்களையும் 2024-இல் மூடிவிட்டது. கஷ்டம் இருக்கட்டும். கதவில் உண்மையை எழுத என்ன செலவு? "பதிவு செய்துவிட்டு வாருங்கள்" என்று எழுதியிருந்தால், பிள்ளையை வீட்டில் படுக்கவைத்துவிட்டு நேரத்துக்குக் கூட்டிவந்திருப்பேன்.

ஒருவழியாக எங்கள் முறை வந்தது. ஸ்ட்ரெப் இல்லை என்றது சோதனை. குழந்தைகளுக்கு அப்படி வந்தால் உறுதிசெய்துகொள்ள மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்புவார்கள். அது சரியான முறைதான். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "உங்கள் காப்பீட்டைப் பொறுத்தது" என்றார். பாவம், அவருக்கும் அதற்குமேல் தெரியாது. என் பங்கான கோ-பேயைக் கட்டிவிட்டு வந்தேன். சில வாரங்களில் ஆய்வகத்திலிருந்து தனியாக ஒரு பில்! கிளினிக்கைக் கேட்டால் ஆய்வகத்தைக் கேள் என்கிறார்கள், ஆய்வகம் காப்பீட்டு நிறுவனத்தைக் காட்டுகிறது, அவர்களோ இந்த ஆண்டின் டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டித் தீர்க்கவேண்டிய தொகை, இன்னும் தீரவில்லை, நீதான் கட்டவேண்டும் என்கிறார்கள்.

ஆய்வகத்திலும் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. மகளின் தொண்டை வலி மாத்திரைகூட இல்லாமல் தானாகப் போய்விட்டது. பில் மட்டும் போகிற வழியைக் காணோம்; நேற்று இரண்டாவது நினைவூட்டல் வந்திருக்கிறது.