அந்தப் பதக்கங்கள் அந்த வீட்டுக்கு உரியவை

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்த விற்பனைப் பதிவைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து நவாலியைச் சேர்ந்த ஒரு பழைய படையாளின் இரண்டு பதக்கங்கள், பழுப்பேறிய படைச் சேவைப் புத்தகம், விலை. "1942இல் ஜப்பானியக் குண்டுக்குத் தப்பியவர், 1995இல் நவாலித் தேவாலயக் குண்டுவீச்சில் இறந்தார்" என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் அவ்வளவு விலை.

அவை அவருடைய குடும்பத்துக்கு உரியவை. இரண்டாம் உலகப் போருக்கு பிரிட்டன் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் வெட்டியிருக்காது. புத்தகத்தைப் பார்த்தால்தான் யாருடையது என்று தெரியும். விலை வைக்க அதை வாசித்தவர், உரியவரைத் தேடவும் வாசித்திருக்கலாம்.

"விற்பவர் காசு கொடுத்துத்தானே வாங்கினார்?" சரி, கொடுத்த காசைக் கேட்கட்டும். சேர்த்துத் தருகிறோம்.

"குடும்பம் ஏன் கைவிட்டது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் சுட்டது. என் அம்மப்பாவிடமும் அப்படியொன்று இருந்தது. சிவப்பு, வெள்ளை, நீல நாடா. பின்பக்கம் இரண்டு தலைப் பிராணியை மிதித்து நிற்கும் சிங்கம். நாங்கள் அதைப் பாம்பு என்றே நினைத்திருந்தோம். றங்குப் பெட்டியில் அம்மம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் இருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, மழைக்குள், லட்சக்கணக்கான சனத்தோடு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அம்மாவின் ஒரு கையில் நான், மறு கையில் அரிசிப் பை. றங்குப் பெட்டியை யார் தூக்குவது? திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. இதற்குப் பெயர் கைவிடுவதா?

"வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்து வாங்கியதற்கு இவ்வளவு உருக்கமா?" என்பவர்களுக்கு: 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையில் ஜப்பானியக் குண்டு விழுந்தபோது இந்தப் பதக்கங்களுக்கு உரியவர் படையாள். 1995 யூலை 9 அன்று அவர் படையாள் இல்லை. ஷெல்லடிக்குத் தப்பி, பேரப்பிள்ளைகளோடு சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த கிழவர். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்நிய அரசு அவர் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதற்கு ஒரு உலோகத் துண்டாவது கொடுத்தது. சொந்த நாட்டு விமானம் கொன்றதற்கு அந்த வீட்டுக்கு என்ன கிடைத்தது? இருந்த அந்தத் துண்டும் இப்போது விலைக்கு வந்துவிட்டது.

வாங்குபவர் பத்திரமாக வைத்திருப்பாராம். எங்கள் உப்புக்காற்றில் உலோகம் கறுக்கும், உண்மைதான். கறுத்தால் அந்த வீட்டிலேயே கறுக்கட்டும்.

இறந்துபோன அந்தக் கிழவரின் மகள் இப்போதும் நவாலியில்தான் இருக்கிறார். விலை கேட்டுக் கொமெண்ட் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். விற்பவர் அந்தப் பதிவை இன்றைக்கே எடுத்துவிட்டு அந்த அம்மாவோடு பேசட்டும்.