கதவைத் திறக்க மறுத்தவள்

எங்கள் அலுவலகத்தின் மதிய உணவு மேசையில் மூன்று வாரங்களாக ஒரே வழக்குதான் நடந்துகொண்டிருக்கிறது: அறிவியல் புனைவுப் படங்களின் நாயகிகளில் முதலிடம் யாருக்கு? ஒரு பைசா பயனில்லாத இந்தக் கேள்விக்காக, ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள்கூட சாம்பார் சாதம் ஆறிப்போவது தெரியாமல் வாதாடுகிறார்கள். தோற்கும் கட்சி எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை யாரும் தோற்றதாக ஒப்புக்கொள்ளாததால், அவரவர் தேநீருக்கு அவரவரே காசு கொடுத்து வருகிறோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' படத்தில் சிகர்னி வீவர் ஏற்று நடித்த எல்லன் ரிப்ளிதான் என் நாயகி. ஏழு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் படத்தில், சரக்குத் தூக்கும் இயந்திரத்துக்குள் புகுந்துகொண்டு ராட்சதப் பிராணியோடு மல்லுக்கு நிற்கிறாளே, அந்த ரிப்ளியைத்தான் பெரும்பாலானோர் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடித்தவள், முதல் படத்தில் ஒரு கதவைத் திறக்க மறுக்கும் ரிப்ளி.

காட்சி இதுதான். நாஸ்ட்ரோமோ என்ற விண்வெளிச் சரக்குக் கப்பலிலிருந்து அறியாத கோளில் இறங்கிய மூவரில் ஒருவனுடைய முகத்தில் ஏதோ ஓர் உயிரி ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்த கப்பல் தலைவர் டல்லஸ், உடனே கதவைத் திறக்கச் சொல்கிறார். தலைவரும் அவருக்கு அடுத்தவரும் வெளியே இருப்பதால், மூன்றாம் நிலையில் இருக்கும் ரிப்ளியே அந்த நேரத்தில் பொறுப்பாளி. தொற்றுத் தடுப்பு விதிப்படி இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறாள் அவள். அதற்குள் அவன் செத்துப்போவான் என்று தலைவர் கத்துகிறார். உள்ளே விட்டால் எல்லோரும் சாகலாம் என்று அவள் குரலை உயர்த்தாமல் பதில் சொல்கிறாள். அவளைக் கேட்காமலேயே அறிவியல் அதிகாரி ஆஷ் கதவைத் திறந்துவிடுகிறான். அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த ஒரு பொத்தானை அழுத்தியதன் பலன்.

பார்க்கப்போனால், அது பேய்ப்படம் மாதிரி எடுக்கப்பட்ட ஓர் அலுவலகப் படம் என்றுதான் நான் சொல்லுவேன். கப்பலின் பணியாளர்கள் நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட உட்கார்ந்ததுமே, இயந்திரப் பிரிவைச் சேர்ந்த இருவரும் தங்கள் பங்குத்தொகை மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதைப் பற்றிப் பேச்செடுக்கிறார்கள். அறிவார்ந்த உயிர் அனுப்பியிருக்கக்கூடிய சமிக்ஞை எதுவானாலும் போய் ஆராய்ந்தே தீர வேண்டும், மறுத்தால் பங்கு முழுவதும் பறிபோகும் என்ற ஒப்பந்த விதியை ஆஷ் எடுத்துக்காட்டியதும் அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள். கடைசியில், அந்த உயிரியைக் கொண்டுவருவதே முதன்மை, பணியாளர்கள் போனால் போகட்டும் என்பதுதான் நிறுவனத்தின் இரகசிய உத்தரவு என்று ரிப்ளி கண்டுபிடிக்கிறாள். இதை அடையாளம் காண விண்வெளிக்குப் போகத் தேவையில்லை என்று நான் சொன்னபோது மேசையில் இருந்த ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

டான் ஓபேனன் எழுதிய மூலத் திரைக்கதையில், இந்தப் பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் ஏற்கலாம் என்ற குறிப்பு இருந்தது. ரிப்ளி பெண்ணாக இருப்பதற்கு அந்தப் படத்தில் காதலோ தாய்மையோ பழிவாங்கலோ காரணமாகக் காட்டப்படவில்லை; விதிப்புத்தகம் தெரிந்த ஓர் அதிகாரி, அவ்வளவே. இதுவே என் வாதத்தின் முழு பலம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளம்பெண், 'டெர்மினேட்டர்' சாரா கானரின் கட்சி. 1984-இல் உணவகப் பணிப்பெண்ணாக ஓடி ஒளிந்தவள், 1991-இல் மனநல மருத்துவமனைக் கட்டிலை நிமிர்த்தி வைத்து அதில் தொங்கி உடற்பயிற்சி செய்பவளாகத் திரும்பி வருகிறாளே, அந்த மாற்றம் ரிப்ளிக்கு உண்டா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கைத்தசைகளைவிட, உலகை அழிக்கப்போகும் இயந்திரங்களுக்கு வழிவகுக்கும் பொறியாளர் டைசனைக் கொல்ல அவருடைய வீட்டுக்கே போய், மனைவி, மகன் கண்முன்னே துப்பாக்கியை நீட்டி, சுட முடியாமல் சரிந்து உட்காரும் இடம்தான் அவளுடைய உச்சம் என்று நான் சொன்னேன். எதிர்க்கட்சிக்கு நானே வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

கணக்குப் பிரிவின் மூத்த அம்மையாருக்கு 'கான்டாக்ட்' படத்தின் எல்லி ஆரோவே. காரல் சேகனின் நாவலைத் தழுவி 1997-இல் வந்த அந்தப் படத்தில், வேகா விண்மீனின் திசையிலிருந்து வரும் சமிக்ஞையைக் கண்டுபிடிப்பவள் எல்லி. ஆனால் உலகத்தின் முன்னால் நின்று அதைப் பற்றிப் பேசுபவர், அந்த ஆராய்ச்சியே வீண் என்று நிதியை நிறுத்திய மேலதிகாரி. அம்மையார் இந்தக் காட்சியை விவரித்தபோது அவருடைய குரலில் இருந்த சூடு சினிமாவைப் பற்றியது அல்ல என்பது எல்லோருக்கும் புரிந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. உண்மையில், எவரும் தம் நாயகியைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, தம்முடைய அலுவலகக் குறையைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் வந்தது.

மற்றவற்றை விரைவாகக் கடக்கிறேன். 'கிராவிட்டி' படத்தின் விண்வெளி வீராங்கனை ரயன் ஸ்டோனைத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்று ஒருவர் கொடி பிடித்தார். ஹபிள் தொலைநோக்கி 28.5 பாகைச் சாய்விலும் விண்வெளி நிலையம் 51.6 பாகைச் சாய்விலும் சுற்றுவதால், படத்தில் அவள் போவதுபோல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவே முடியாதாம். சரிதான். ஆனால் அதே மனிதர் 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் இளவரசி லேயாவின் பரம பக்தர். காற்றே இல்லாத வெளியில் கப்பல்கள் சத்தம் போட்டு வெடிப்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

தமிழிலிருந்து யாருமே இல்லையா என்று ஒருவர் கேட்டபோது மேசை சற்று அமைதியானது. 1963-இல் வந்த 'கலை அரசி'யில் பானுமதியை வேற்றுக்கோளுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். 2010-இல் 'எந்திர'னில் ஐஸ்வர்யா ராயை ரோபோ தூக்கிச் செல்கிறது. நாற்பத்தேழு ஆண்டுகளில் தூக்கிச் செல்பவர் மட்டுமே மாறியிருக்கிறார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நிலா இருக்கிறாளே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அதைப் படித்த மூவருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது ஜீனோ என்ற இயந்திர நாய்தான். இந்தக் குழப்பத்துக்கிடையே பலகையில் நடந்த இரகசிய வாக்கெடுப்பில், நாஸ்ட்ரோமோ கப்பலின் பூனையான ஜோன்ஸ் நான்கு வாக்குகள் பெற்று முன்னணியில் நிற்கிறது. அது நாயகி அல்ல என்ற என் ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்பட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய மென்பொருள் பதிப்பு ஒன்று சோதனைப் பிரிவில் சிக்கிக்கொண்டிருந்தது. மாற்றம் இரண்டே வரிதான், திங்கட்கிழமைவரை காத்திருக்க முடியாது, முழுச் சோதனை வேண்டாம், ஒப்புதல் மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்காக நான் நேரே அங்கே போனேன். சாரா கானர் கட்சியைச் சேர்ந்த அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, குரலையும் உயர்த்தாமல், "இருபத்து நான்கு மணி நேரம் ஆகும், சார்" என்றார். நான் என் இருக்கைக்குத் திரும்பும் வழியில் ஏழு பேருக்கும் தேநீர் சொல்லிவிட்டுப் போனேன்.