தினை வைத்தவன் குரங்கு அறுப்பான்

"குரங்கு இதைத் தொடவே முடியாது" என்று கடைக்காரர் சொன்னபோது, ஐயா, நீங்கள் குரங்கை எப்போதாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 650 ரேண்டை எடுத்து நீட்டினேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பறவைத் தீனிக் கூண்டை மாமரத்தில் மாட்டினேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு அது முற்றத்தில் மூன்று துண்டாகக் கிடந்தது. நடுவில் இருந்தது முழுக்க முழுக்க இரவு. குரங்குகள் தூங்குகிற நேரம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். சொல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பறவைத் தீனிப் பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மேலே பளபளவென்று குருவிப் படம். உள்ளே தினை, கம்பு, சிவப்புச் சோளம், உடைத்த மக்காச்சோளம். தினைக்கு இந்த ஊரில் மன்னா என்று பெயர், கம்புக்கு பாபாலா. பெயரை மாற்றிவிட்டால் விலையையும் ஏற்றிவிடலாம் போலிருக்கிறது. எனக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்த மருத்துவர் சிறுதானியம் சாப்பிடச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நான் சாப்பிடுவது வெள்ளைச் சோறு. தினையும் கம்பும் மாமரத்தில் தொங்குகின்றன.

வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கவண் எறிந்து பறவைகளை விரட்டினாள். நான் அதே தினையைக் காசு கொடுத்து வாங்கி, மரத்தில் கட்டி, வா வா என்று கூப்பிடுகிறேன். அவளுக்காவது முருகன் வந்தான்.

நான் கூப்பிட்டது சில்லைகளை. ஒன்பது சென்டிமீட்டர்ப் பறவை. பத்துப் பன்னிரண்டு சேர்ந்து வந்து கம்பியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும். ஓரத்தில் இருப்பது குளிர் தாங்காமல் எழுந்து மற்றவற்றின் தலைமேல் ஏறி நடுவில் குதிக்கும். உடனே மறு ஓரத்தில் ஒன்று தவறிக் கீழே விழும். காலையில் இதை ஐந்து நிமிடம் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைச் சமாளிக்கும் தெம்பு வரும். அவ்வளவுதான் நான் கேட்டது. ஐந்து நிமிடம்.

ஆனால் சில்லை தின்பதற்கு மாப்பிள்ளை அனுமதிக்க வேண்டுமே. இந்த நாட்டில் 'பின்-டெயில்ட் வைடா' என்று ஒன்று உண்டு. பெயரே ஒரு கட்டளை: வைடா! நானும் வைக்கிறேன். கறுப்பு வெள்ளை உடுப்பு, சிவப்பு அலகு, உடம்பைவிட நீளமாக ஒரு வால். சிட்டுக்குருவியைவிடச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு, பதின்மடங்கு பருத்த புறாவைத் தலையில் கொத்தித் துரத்துகிறான். தின்கிறானா என்றால் அதுவும் இல்லை. நான்கு மணி தின்பான், நாற்பது நிமிடம் காவல் காப்பான். கூட வருகிற மனைவிமார் நாலைந்து பேர். ஒருத்தியும் கூடு கட்டுவதில்லை, அடுத்தவன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். "சொந்தமாக ஒரு வீடு கட்ட வக்கில்லை, அதிகாரத்தைப் பார்" என்று ஒருநாள் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வீட்டோடு மாப்பிள்ளை. அதன் பிறகு வைடாவைப் பற்றி நான் ஒன்றும் பேசுவதில்லை.

தூக்கணாங்குருவிகள் வேறு. தினையைப் பொறுக்கிக்கொண்டு சோளத்தை வீசி எறிகின்றன. அந்தச் சோளம் ரோஜாப் பாத்தியில் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. தின்றது போக மிச்ச நேரத்தில் என் வாழை இலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக்கொண்டு போய்க் கூடு முடைகின்றன. புரட்டாசி மாதம் ஐயா! தளிகை போட ஒரு முழு இலை இல்லை வீட்டில்!

ஹாடிடா என்கிற அரிவாள்மூக்கன் கத்துகிற கத்தலைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. அது தினையைத் தொடுவதுகூட இல்லை. புல்வெளியில் புழு தோண்டுகிற பறவைக்கு விடியற்காலை நாலே முக்காலுக்கு என் கூரைமேல் என்ன வேலை?

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அந்தப் புதுச் சாதனம் எப்படிப்பட்டதென்றால், வெளியே இரும்புக் கூண்டு, உள்ளே குழாய், குழாயின் அடியில் நான்கு குச்சிகள். குருவி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. கனமாக எது உட்கார்ந்தாலும் ஸ்பிரிங் இறங்கித் தீனி வாய் மூடிக்கொள்ளும். கையில் தேநீரோடு நான் சமையலறைச் சன்னலில் நிற்கிறேன். மணி ஆறு ஐந்து. கீச்சுக் கீச்சென்று இருந்த மரம் சட்டென்று ஓய்ந்தது.

பக்கத்து வீட்டு இந்திக்காரக் குடும்பம் அனுமாருக்காக மூங்கில் நட்டுச் சிவப்புக் கொடி ஏற்றியிருக்கிறது. அந்த மூங்கிலின் உச்சியில், கொடிக்குப் பக்கத்தில், கடுவன் உட்கார்ந்திருந்தார். வெர்வெட் குரங்கு தெரியுமல்லவா, சாம்பல் உடம்பு, கரி பூசிய முகம். கடுவனுக்குப் பின்புறம் வானநீலத்தில் ஓர் அலங்காரம் உண்டு, அதை மாமியார் இருக்கும் வீட்டில் விவரிக்க முடியாது. மூங்கில் வளைந்தது. மாமரத்துக்கு ஒரே தாவல்.

குச்சியில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் இறங்கியது, வாய் மூடியது. நான் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

எழுந்தார். வாய் திறந்தது. உட்கார்ந்தார். மூடியது. எழுந்தார். திறந்தது. வல்லினம் மிகும் இடம் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டாகப் புரியவில்லை. இவருக்கு ஸ்பிரிங் மூன்றாவது முறையில் புரிந்துவிட்டது. கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, குச்சியில் ஒரு மயிர்கூடப் படாமல், கூண்டுக்குள் கையை விட்டார். கை பெரியது, நுழையவில்லை. இதற்குத்தானே காசு கொடுத்தேன்! மறுபடி சிரித்தேன். அதற்குள் எங்கிருந்தோ ஒரு குட்டிப் பயல் வந்து, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, ஏழெட்டு மணியை எடுத்து உள்ளங்கையை நக்கினான். கடுவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிளையில் ஏறினார், கொக்கியைப் பிடித்தார், எனக்குத் தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனைவிடவும் பொறுமையாக அதைக் கழற்றினார், கீழே முற்றத்தைப் பார்த்தார், விட்டார்.

மூடி ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம், கூண்டு ஒரு பக்கம். ஒன்றரைக் கிலோ தானியம் சிமெண்டுத் தரை முழுக்க. அடுத்த நொடி சுவரிலிருந்தும் ஓட்டிலிருந்தும் பதினான்கு பேர் இறங்கி வட்டமாக உட்கார்ந்தார்கள். பந்தி. இலை மட்டும்தான் இல்லை. அதைத்தான் தூக்கணாங்குருவி கிழித்துவிட்டதே.

துடைப்பத்தோடு ஓடினேன். வெறுங்கால். உடைத்த மக்காச்சோளம் காலடியில் உருண்டது. பந்தியின் கடைசியில் நானும் உட்கார்ந்தேன், தடாலென்று. எனக்கு நான்கடி எதிரில் கடுவன். புருவத்தை மேலே ஏற்றி இமையின் வெளுப்பைக் காட்டினார். அது மிரட்டலாம். நம்மூரில் தாசில்தார் அலுவலகத்தில் இதே புருவத்தைப் பார்த்திருக்கிறேன்.

பின்னாலிருந்து அத்தையின் குரல். "விரட்டாதீர்கள் மாப்பிள்ளை. பாவம், குட்டி வைத்திருக்கிறது." திரும்பினால் அத்தை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

ஒரு சீப்பு! விசாரித்ததில், தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் பின்வாசலில் இந்தப் படையல் நடக்கிறது. எத்தனை மாதமாக? "உங்கள் மாமா இருந்தபோதிலிருந்தே." மாமா தவறிப் போய் ஆறு வருடம். குரங்குக்குத் தீனி வைக்கக் கூடாது, வைத்தால் வீட்டுக்குள் வந்துவிடும் என்று நான் மூன்று தடவை விளக்கிச் சொல்லி, மூன்று தடவையும் அத்தை "ஆமாம் ஆமாம், தப்புத்தான்" என்று தலையாட்டியவர். "சனிக்கிழமை அதுவுமாக ஆஞ்சநேயர் வாசலுக்கு வந்திருக்கிறார், துடைப்பத்தைக் கீழே போடுங்கள்" என்றார். போட்டேன். அவர் வீடு.

குரங்கு ரப்பர் பாம்புக்குப் பயப்படும் என்று யாராவது எனக்கு எழுதப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். போன மாதம் வைத்தேன். முதல் நாள் மரமே அலறியது. இந்தக் குரங்குகளுக்குச் சிறுத்தையைக் கண்டால் ஒரு கூப்பாடு, கழுகைக் கண்டால் ஒன்று, பாம்பைக் கண்டால் வேறொன்று. கென்யாவின் அம்போசெலியில் ஆராய்ச்சியாளர்கள் ஒலிநாடா வைத்துச் சோதித்து 1980இல் எழுதியே விட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் ஒரு குட்டி அந்தப் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் அத்தை அதைப் பார்த்துவிட்டார். ரப்பர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் தூவிப் பாலும் வைத்தாகிவிட்டது. பாலைக் குடித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் குடைவது வேறு விஷயம். சிறுத்தைக்கு ஒரு கூப்பாடு இருக்கிறது, கழுகுக்கு இருக்கிறது, பாம்புக்கு இருக்கிறது. துடைப்பத்தோடு ஓடி வருகிற என்னைப் பார்த்து ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தார்கள்.

அடிக்கவும் முடியாது. 1962ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் பக்கம். என் தானியத்துக்கு என்ன சட்டம் இருக்கிறது? தீனியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள் என்கிறார்கள். நிறுத்தினால் வராதது சில்லை மட்டும்தான்.

நாம் கூப்பிடுகிறவர்கள் வருவதே இல்லை என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். மகாளய அமாவாசை அன்று படையல் போட்டுவிட்டு "கா கா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். ஊர்க் காக்கை 1972 வாக்கில் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. வந்தேறி என்று பட்டியலில் போட்டு ஒழிக்கப் பார்க்கிறார்கள். மிச்சம் இருப்பவை எங்கள் சாட்ஸ்வர்த் பக்கம் தலை காட்டுவதில்லை. ஒரு மணி நேரம் கழித்து மைனா வந்து வடையில் ஏறி நின்றது. நம் ஆட்கள் 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்தார்கள், மைனா 1902 வாக்கில் இங்கே கூண்டிலிருந்து தப்பியது. "முன்னோர் யார் உருவத்திலும் வருவார்கள்" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். நாற்பது வயதில் மதுரையிலிருந்து வந்த நான் யார் மறுப்பதற்கு?

இத்தனைக்கும் பிறகு ஒன்பது மணிக்குக் கைபேசியில் ஒரு செய்தி, தெருவிலிருக்கும் எல்லாருக்கும். பின்வீட்டு அக்கா. "யாரோ பறவைக்குத் தீனி வைப்பதால்தான் தெருவுக்கே குரங்கு வருகிறது. தயவுசெய்து நிறுத்தவும்." யாரோவாம்! குப்பை வண்டி வராத நாளில் மூட்டையை வெளியே வைத்துக் கோழி எலும்பைத் தெரு முழுக்க இறைக்கிறவர் எழுதுகிறார், யாரோ என்று! பதில் எழுத உட்கார்ந்தேன், நான்கு பத்தி ஆயிற்று. அத்தை வாசித்துவிட்டு, "வேண்டாம் மாப்பிள்ளை, நம் அண்டா அவர்கள் வீட்டில் இருக்கிறது" என்றார்.

ஆமாம், அண்டா! ஆடி மாதம் மாரியம்மன் கஞ்சிக்கு என்று வாங்கிக்கொண்டு போனது. அத்தையின் ஆயா காலத்துப் பித்தளை. ஆவணி போயிற்று, புரட்டாசி முடியப் போகிறது. கேட்டால் "நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன் தம்பி." எந்த நாளை? அடுத்த சனி கோயில் அன்னதானத்துக்குச் சாம்பார் எதில் வைப்பது, தீனிக் குழாயிலா?

கோபத்தில் செய்தியை அழித்தேன். கூண்டையும் குழாயையும் கட்டுக்கம்பியால் சுற்றி, ஏணி போட்டு மாமரத்தில் ஏறினேன். கொக்கியை வளைத்து முறுக்கிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகச் சுவருக்கு அப்பால் பார்வை போயிற்று. அண்டா இருந்தது. பின்வீட்டுப் படிக்கட்டின் ஓரத்தில், நிறைய மண்ணோடு. நடுவில் தளதளவென்று ஒரு கறிவேப்பிலைச் செடி. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஒன்றல்ல, சுற்றிவர.

ஏணியின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. மூங்கில் கொடிக்குப் பக்கத்திலிருந்து கடுவன் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அத்தை ஏணியைப் பிடித்தபடி, "என்ன மாப்பிள்ளை, சில்லை வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.