உதடு அசையும், குரல் வராது

தேர்தல் பிரச்சார நேரத்து அரசுத் தொலைக்காட்சிச் செய்தியில் நான் பல தடவை பார்த்த காட்சி இது. ஆளுங்கட்சித் தலைவர் மேடையில் பேசுகிறார். அவர் குரலே கேட்கிறது, கூட்டம் கைதட்டுவதும் கேட்கிறது. அடுத்து எதிர்க்கட்சித் தலைவர். உதடு அசைகிறது, கை உயர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. செய்தி வாசிப்பவர், "விலைவாசி குறித்துப் பேசினார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். இரண்டு பேரையும் காட்டியாகிவிட்டது, கணக்கு சரி.

இதைச் சொன்னால், "அரசாங்க சேனல் வேறு எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். காட்சியை விட இந்தப் பதில்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்களின் பணமும் சேர்ந்துதானே அந்த சேனல் ஓடுகிறது? அதைக் கேட்கிற உரிமையை நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்தியாவில் 1998 மக்களவைத் தேர்தலிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வானொலியிலும் தூர்தர்ஷனிலும் இலவச நேரம் தருகிறார்கள். எல்லோருக்கும் சமமாக ஓர் அடிப்படை நேரம், அதற்கு மேல் முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்குகளைப் பொறுத்துக் கூடுதல் நேரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச்சின் எழுத்து வடிவத்தை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 2024 தேர்தலில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அன்றைய பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரியின் உரையில் கடுமையான சட்டங்களைக் குறித்த ஒரு சொல்லை எடுக்கச் சொன்னார்கள். ஆட்சி நிர்வாகத்தின் 'திவால்நிலை' என்பதைத் 'தோல்வி' என்று மாற்றச் சொன்னார்கள். தேர்தல் ஆணைய வழிகாட்டுதல்படிதான் செய்தோம் என்று பதில் வந்தது. இருக்கட்டும். ஆட்சியை எந்தச் சொல்லால் விமர்சிக்கலாம் என்பதை அரசு ஒலிபரப்பு முடிவு செய்தால், பார்க்கிறவர் அதை நடுநிலை என்று எப்படி நம்புவார்?

ஹங்கேரியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 2022 தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணியின் பிரதமர் வேட்பாளர் பீட்டர் மார்கி-ஜாய்க்குப் பொதுத் தொலைக்காட்சியில் பேசக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதுவும் சட்டம் கட்டாயப்படுத்தியதால் கிடைத்தது.

எல்லா ஊரிலும் சொல்கிற சாக்கு ஒன்று உண்டு: "அவர் வேட்பாளராகப் பேசவில்லை, பதவியில் இருப்பவராகப் பேசினார்." காலையில் நலத்திட்டத்தைப் பற்றிப் பேசினால் அரசுச் செய்தி, மாலையில் அதே திட்டத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் பிரச்சாரம். பார்க்கிறவர் மனதில் இரண்டும் ஒன்றாகத்தான் பதிகிறது. பிரான்சில் இந்தச் சாக்கு எடுபடவில்லை. உள்நாட்டு அரசியல் விவாதம் சார்ந்து ஜனாதிபதி பேசுவதையும் ஒளிபரப்பு நேரக் கணக்கில் எடுக்காமல் விடக் கூடாது என்று 2009-ல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பதை ஒழுங்குமுறை அமைப்பு அளந்து வெளியிடவும் செய்கிறது.

மக்களின் பணத்தில் ஓடும் எந்த சேனலுக்கும் இது பெரிய வேலை இல்லை. ஒளிபரப்பு முழுக்க அவர்களிடமே பதிவாக இருக்கிறது. பிரச்சாரம் முடிகிற வரை, முந்தைய நாள் எந்தக் கட்சிக்கு எத்தனை நிமிடம் போனது என்று தினமும் காலையில் வெளியிடட்டும். அந்தப் பட்டியலில், தலைவர்கள் தங்கள் சொந்தக் குரலில் பேசிய நேரத்துக்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டும். வெறுமனே உதடு அசைந்த நேரத்தை அதில் சேர்க்கக் கூடாது.