ஓடும் லாரியில் பிள்ளையும் வேண்டாம், சீட்டுக்கு அடியில் கொடுவாளும் வேண்டாம்

நேற்று இரவு தம்பி அழைத்தான். ஜவ்வரிசி லோடு ஏறிக்கொண்டிருக்கிறது, நாக்பூர் டிரிப், பையனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, கூட்டிக்கொண்டு போகட்டுமா அக்கா என்று கேட்டான். என் சம்மதம் அவனுக்குத் தேவையில்லைதான். ஆனால் அவன் மனைவி, "அக்கா சரி என்றால் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டாளாம். நான் யோசிக்காமல் வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் அவன் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "வருஷத்தில் அவனோடு நான் இருக்கிற நாள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நானும் லாரி டிரைவர் மகள்தான். அப்பா வீட்டில் இருக்கும் நாளை நாங்கள் காலண்டரில் வட்டம் போட்டு வைத்த வீடு அது. அதனால்தான் ஒற்றைச் சொல்லில் மறுத்தது தப்பு என்று இரவு முழுவதும் மனம் அடித்துக்கொண்டது. தம்பிக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று எங்கள் பக்கத்தில் இந்தப் பதிவைப் படிக்கும் எத்தனையோ வீடுகளில் மே மாதம் பிறந்தால் இதே பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

1991 மே மாதம். எனக்குப் பத்து வயது. அதுவரை வண்டியில் போகும் பாக்கியம் பெரியப்பா பையன்களுக்குத்தான் கிடைத்தது. பெண் பிள்ளையை யாரும் கூட்டிப் போகவில்லை. நான் மூன்று நாள் சாப்பிடாமல் அழுது சாதித்தேன். நாமக்கல்லில் இருந்து நாக்பூருக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். சேலம், தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, பெங்களூர், அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத் என்று இன்றைக்கும் அந்த ஊர்களை வரிசை மாறாமல் சொல்வேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தியப் படத்தில் தக்காணத்தைக் காட்டும்போதெல்லாம் என் விரல் தானாக அந்தப் பாதையிலேயே நகரும். கிருஷ்ணா ஆற்றுப் பாலத்தில் அப்பா வண்டியை மெதுவாக உருட்டி, "பார் கண்ணு, இதுதான் கிருஷ்ணா" என்று சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பயணம் எனக்குக் கொடுத்ததை நான் மறுக்கவே மாட்டேன். அப்பா என்ன வேலை செய்கிறார், எவ்வளவு பாடுபடுகிறார் என்று அந்தப் பத்து நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தப் பயணத்தில் வேறு சிலவும் இருந்தன. கேபினுக்குள் என்ஜினை மூடியிருக்கும் பெட்டியின் மேல் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு அதில்தான் என்னை உட்காரவைத்தார்கள். மதியத்தில் தொடை வெந்துபோகும். பெண் பிள்ளைக்கு ஒதுங்க இடம் தேடி அப்பா பட்ட அவஸ்தை கொஞ்சமா! ஒரு பெட்ரோல் பங்கில் கதவு இல்லாத கழிப்பறைக்கு முன்னால் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். நான் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு வந்து ஒரு வாரம் படுத்தேன்.

நான்காம் நாள் இரவு, ஹைதராபாத்துக்கு வடக்கே இருக்கும் நிர்மல் மலைப்பாதையை ஏறி இறங்கி ஒரு பாழடைந்த கடைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினார்கள். முன்னும் பின்னும் நான்கைந்து லாரிகள். அந்தப் பக்கத்தில் இரவில் வண்டி மேல் ஏறி, தார்ப்பாய்க் கயிற்றை அறுத்து மூட்டையை உருட்டிவிடுவார்கள் என்று சாப்பிடும்போதே பேசிக்கொண்டார்கள். மூட்டை குறைந்தால் டிரைவருக்குக் கொடுக்கும் படிப் பணத்தில்தான் பிடிப்பார்கள். அப்பா சீட்டுக்கு அடியில் இருந்து கொடுவாளை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். வீட்டில் தேங்காய் மட்டை வெட்டுகிற அதே கொடுவாள்தான். எனக்கு, சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகைப் படுக்கை.

நள்ளிரவு தாண்டியிருக்கும். கதவில் யாரோ தட்டினார்கள். அப்பா எழுந்த வேகத்தில் கதவு திறந்தது, கை ஓங்கியது. அதே நேரத்தில் எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் சட்டென்று அடித்தது. கீழே நின்றது ஒரு சிறுவன். பதினான்கு வயது இருந்தால் அதிகம். இடுப்பில் அழுக்கு டிரவுசர், தோளில் கிழிந்த துண்டு. பின்னால் நின்ற சங்ககிரி வண்டியின் கிளீனர். வாளைப் பார்த்தபடி, "எங்கள் டிரைவர் அண்ணனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, மாத்திரை இருக்கிறதா?" என்று கேட்டான். குரல் நடுங்கியது. நகர்ந்து நிற்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

அப்பா கொடுவாளைக் கீழே போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகு மாத்திரைப் பொட்டலத்தைப் பிரிக்க அவரால் முடியவில்லை. கை அப்படி உதறியது. நான்தான் இறங்கி வந்து பிரித்துக் கொடுத்தேன். விடிய விடிய அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர் வண்டி வர ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு மேல் எந்தப் பிள்ளையையும் அவர் வண்டியில் ஏற்றவில்லை. தம்பி எவ்வளவோ அழுதும் ஏற்றவில்லை. காரணத்தை அவனிடம் சொல்லவே இல்லை. தம்பி, இன்றைக்கு நான் சொல்லிவிட்டேன்.

பிள்ளையைக் கூட்டிப் போவதையும் ஆயுதம் வைத்துக்கொள்வதையும் நான் ஒன்றாகப் பேசுவதற்குக் காரணம் அந்த இரவு. தனியாக இருக்கிற டிரைவர் மூட்டை போனால் போகட்டும் என்று விட்டுவிடக்கூடும். பின்னால் தன் பிள்ளை தூங்குகிறது என்று தெரிந்த தகப்பன் விடமாட்டான். முதலில் வெட்டிவிட்டுப் பிறகுதான் யார் என்று பார்ப்பான். அப்படி ஒருவனை வெட்டிவிட்டால், மொழி தெரியாத ஊரில், வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்க, லோடு கெட்டுக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளையை யார் கையில் கொடுப்பது?

துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதித்தால் என்ன என்று சில டிரைவர் குழுக்களில் எழுதுகிறார்கள். அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். அந்த நாட்டுக் கதையையும் முழுதாகப் பார்க்கலாம். அங்கே டிரைவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கவில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 1986-இல் வந்த சட்டப்படி, தனக்கு உரிமை உள்ள ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு வேறு மாநிலம் வழியாகக் கொண்டுபோக வேண்டுமானால் குண்டு நீக்கி, கைக்கு எட்டாதபடி, பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பூட்டிய பெட்டியில் குண்டில்லாமல் கிடக்கும் துப்பாக்கி, நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவனை என்ன செய்யும்? பல கம்பெனிகள் வண்டியில் ஆயுதமே கூடாது என்கின்றன. பிள்ளை விஷயத்திலும் அங்கே விதி உண்டு: கம்பெனி எழுத்தில் அனுமதி கொடுக்காமல் சரக்கு வண்டியில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

அந்த நாட்டில் நடந்த ஒரு சம்பவத்தை நான் அடிக்கடி நினைப்பேன். ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர் 2009 மார்ச்சில் பால் லோடு கொண்டுபோனார். சீக்கிரம் வந்துவிட்டதால் இறக்குமிடம் திறக்கவில்லை. நிறுத்த இடமில்லாமல் தெற்கு கரோலினாவில் மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். அங்கேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவரிடம் இருந்து எடுத்தது 7 டாலர். மனைவி ஹோப் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அந்தப் பெண் கேட்டது லாரிகள் பயமில்லாமல் நிற்க இடம். விடாமல் கேட்டார். 2012-இல் அந்த நாட்டு நெடுஞ்சாலைச் சட்டத்துக்குள் அவருடைய கணவர் பெயராலேயே அது இடம்பெற்றது. ஒரு டிரைவர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் நோய் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிந்திருக்கிறது. படிக்கும்போது எனக்கு நிர்மல் இரவும் அந்தப் பாழடைந்த கடையும்தான் கண்ணுக்குள் வந்தன.

நம் ஊரில் துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். மாநிலம் மாநிலமாக ஓடுகிற டிரைவருக்கு அது நடக்கிற காரியமும் இல்லை. அதனால் கொடுவாள், ஜாக்கி லிவர், இரும்புக் குழாய். அவற்றை வைத்திருப்பவர்களை நான் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. பயந்தவர்களாகப் பார்க்கிறேன். விளக்கும் காவலும் கழிப்பறையும் உள்ள லாரி நிறுத்துமிடம் வழியெங்கும் இருந்தால் தலைமாட்டில் யார் வாள் வைத்துக்கொள்வார்கள்?

இனி பிள்ளைகள். இப்போது வண்டி மாறிவிட்டது, கேபின் ஏசி என்கிறான் தம்பி. உண்மைதான். 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். வெயில் குறையும். வேறு எதுவும் மாறவில்லை. பின்னால் படுக்கைப் பலகையில் தூங்குகிற பிள்ளைக்கு எந்த பெல்ட்டும் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் ஒரு பிரேக் போதும். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையை பெல்ட் போடாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். லாரிக்குள் அதை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று தெரியவில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர் விபத்தில் இறந்தால் சட்டப்படி இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்துக்குப் பிறகு சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ வந்தால் மட்டும் பொறுப்பு உண்டு. ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. டிரைவரின் பிள்ளை சும்மா ஏறி வந்த ஆள்தான். சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை அந்த வண்டியில் இல்லவே இல்லை.

எங்கள் பக்கம் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்கள் அதிகம். அவர்களிலும் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. லோடு எடுக்கிற ஆலைக்குள் பிள்ளையை விடமாட்டார்கள். அப்பா உள்ளே போய் வரும்வரை, சில நேரம் ராத்திரி முழுவதும், அந்தப் பிள்ளை வெளியே டீக்கடை பெஞ்சில் கிடக்கும். யாரோ ஒரு டீக்கடைக்காரரை நம்பி. அந்த அப்பா எந்த மனதோடு வால்வு திறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்?

இதற்காக டிரைவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. விசாரித்தால், அம்மா இறந்துவிட்டாள், அப்பா டேங்கர் டிரைவர், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வண்டியிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார். பிறகு அவர் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். அந்தக் குழந்தைக்கு இரட்டைச் சடை, அவ்வளவு நேர்த்தியாக, நடுவகிடு கோடு போட்டது போல. வண்டி கண்ணாடியைப் பார்த்து அவரே பின்னக் கற்றுக்கொண்டாராம். அவரைப் பார்த்து, "சட்டம் தெரியாதா?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அரசு விடுதியில் சேர்க்க ஏற்பாடு செய்தோம். கையெழுத்துப் போட ஒரு நாள் ஊரில் இருங்கள் என்றால், அந்த ஒரு நாளை முதலாளியிடம் வாங்க அவருக்கு ஒன்றரை மாதம் ஆனது.

பிள்ளையை ஏற்றாதே என்று சொல்லும் முதலாளிகளுக்கும் ஒன்று கேட்க வேண்டும். டிரைவர் தன் மகனைக் கூட்டிப் போனால் இன்சூரன்ஸ் இல்லை என்று சத்தம் போடுகிறீர்கள். யாரோ வீட்டுப் பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டுவிட்டு வந்தால் கிளீனராக ஏற்றிக்கொள்கிறீர்களே, அவன் பிள்ளை இல்லையா? முன்பைவிட இப்போது குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இன்னும் நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று காலியாகும் பெஞ்சுகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நெடுந்தூரம் என்றால் கொஞ்சம் கூடுதல் என்று வேலை நேரத்தை வகுத்தது. எங்கள் வீட்டில் அப்பாவும் சரி, தம்பியும் சரி, அந்தக் கணக்கில் ஒரு வாரம்கூட வண்டி ஓட்டியதில்லை. மே மாதத்தில் பத்து நாள், படி பிடிக்காமல், பிள்ளைகளோடு இருக்க லீவு கொடுத்தால் எந்தத் தகப்பன் தன் மகனை என்ஜின் சூட்டுக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் கூட்டிப் போவான்? சங்கங்கள் டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் வண்டியை நிறுத்திப் போராடுகின்றன. இந்தப் பத்து நாளுக்காக ஒரு தீர்மானமாவது போடட்டும்.

இன்று காலை தம்பியிடம் மீண்டும் பேசினேன். நிர்மல் இரவைச் சொன்னேன். அந்தக் கிளீனர் பையன் முகத்தைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கொடுவாள் இப்போது என் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது அக்கா" என்றான். அப்பா காலமான பிறகு பட்டறையில் இருந்து எடுத்து வைத்துக்கொண்டானாம். வண்டி கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதைக் கொண்டுவந்து என் வீட்டுத் தென்னை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். வந்தான். மருமகனும் கூடவே வந்தான், கண் சிவந்து. வண்டியைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார்கள். அவன் ஏறி அப்பா சீட்டில் உட்கார்ந்து, சாவி போடாத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, கிருஷ்ணா ஆறு எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வடக்கே கையைக் காட்டினேன்.