ரயில் வந்தால் மட்டும் போதுமா?
ஏழைகள் வாழும் பகுதிக்கு ரயில் பாதை போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்கிறது நகரப் போக்குவரத்து பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலையம் வருகிறது என்று பேச்சு அடிபட்டதுமே நில விலையும் வாடகையும் ஏறிவிடும். யாருக்காகப் பாதை போட்டார்களோ அவர்கள் முதல் ரயில் ஓடுவதற்குள் ஊருக்கு வெளியே போயிருப்பார்கள். பாதைக்குப் பணம் ஒதுக்கும்போதே பக்கத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கும் நிலத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2008-இல் வந்த எஸ்.பி. 375 (செனட் மசோதா 375) என்ற மாநிலச் சட்டம் போக்குவரத்தையும் வீட்டுவசதியையும் ஒரே பிராந்தியத் திட்டத்தில் கோத்தது; ஆனால் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற அதிகாரம் உள்ளூர் நிர்வாகங்களிடமே இருந்துவிட்டது. அப்புறம், ரயில்தான் தீர்வா என்பதே கேள்வி. லாஸ் ஏஞ்சலஸில் ரயிலுக்குக் கொட்டும் பணம் ஏழைப் பேருந்துப் பயணிகளை வஞ்சிக்கிறது என்று 1994-இல் பயணிகள் தரப்பில் வழக்குப் போட்டார்கள். பேருந்து நெரிசலைக் குறைக்கவும் கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்கவும் 1996-இல் அங்குள்ள போக்குவரத்து நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், "கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தும் மக்கள் வராவிட்டால் என்ன செய்வது?" என்கிறார். சரி, எந்த நேரத்தில் வைத்தார்கள்? நான் போன ஒரு கூட்டம் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு துப்புரவுப் பணியாளர், "விடிகாலை நாலரை மணிக்கு நான் கிளம்பணும், அப்போ வண்டி இருக்கா?" என்று கேட்டார். அதிகாரி காலை ஒன்பது மணி நெரிசலுக்கான வரைபடத்தையே மறுபடி காட்டினார். அவர்கள் எடுத்த கணக்கெடுப்பில் விடியலுக்கு முந்தைய பயணங்கள் இடம்பெறவே இல்லையாம்.