‘சும’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா?

லத்தீன் மொழிக்குத் தொடக்கப் பாடநூல் எழுதுவோர்மீது எனக்குள்ள ஆத்திரத்துக்கு ஃபெரோ என்ற ஒற்றை வினைச்சொல்லே போதுமான காரணம். என்னிடமுள்ள நூலின் சொற்பட்டியலில் அதற்கு நேரே ‘சும, கொண்டுவா’ என்று எழுதி, ‘ஒழுங்கற்ற வினை, பின்னிணைப்பைக் காண்க’ என்று கைகழுவிவிட்டார்கள். பின்னிணைப்பிலோ ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும் என்ற நான்கு வடிவங்களும் ஓர் அட்டவணையும் உள்ளனவே தவிர, நிகழ்காலத்தில் ஃபெரோவாக இருந்த வினை இறந்தகாலத்தில் ஏன் துலி என்று அடையாளமே தெரியாமல் மாறுகிறது என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. வெவ்வேறு இரண்டு வேர்கள் சேர்ந்து ஒரே வினையாகிவிட்டன, துலியும் லாத்தும் இரண்டாவது வேரின் பிள்ளைகள் என்று சொல்ல எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

முன்னொட்டு சேர்ந்துவிட்டால் கொடுமை இரட்டிப்பாகிறது. ‘எடுத்துச்சென்றுவிடு’ என்ற பொருளுள்ள வினை நிகழ்காலத்தில் அவுஃபெரோ, இறந்தகாலத்தில் அப்ஸ்துலி, எச்ச வடிவத்தில் அப்லாத்தும். வேர் மாறுவது போதாதென்று முன்னொட்டும் மூன்று வேடம் போடுகிறது. வாசிக்கும் பகுதியில் அப்லாத்தும் என்பதைக் கண்ட மாணவர், முதல் வடிவத்தை மட்டும் அகரவரிசைப்படுத்திய அந்தப் பட்டியலில் அதை எங்கே போய்த் தேடுவார்? ‘தாங்கு’ என்ற பொருளுள்ள சுஃப்ஃபெரோவின் இறந்தகால வடிவமான சுஸ்துலியையோ, திருப்பலியில் ‘குயி தோல்லிஸ்’ என்று பாடக் கேட்கிறோமே, அந்தத் தோல்லோ (‘தூக்கு, நீக்கு’) என்ற வேறொரு வினை தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதைப் பற்றியும் நூல் மூச்சு விடவில்லை.

வடிவங்களையாவது மனப்பாடம் செய்து தொலைக்கலாம், பொருளை என்ன செய்வது? வழி ஓரிடத்துக்கு ‘ஃபெர்த்’ என்றால் அது அங்கே இட்டுச்செல்கிறது. எழுவாயின்றி ‘ஃபெருந்த்’ என்று வந்தால் பல இடங்களில் ‘என்று சொல்கிறார்கள்’ என்று பொருள். ‘லேகெம் ஃபெர்ரே’ என்பது மக்கள் மன்றத்தின்முன் சட்டத்தை முன்மொழிவது. ‘ஏக்ரே ஃபெர்ரே’ என்பது ஒன்றை மனம் பொறாமல் குமுறுவது. ‘சும’ என்ற ஒரே சொல்லை நம்பி வாசிப்பவர், ரோமானியர்கள் சட்டத்தைத் தலையில் சுமந்து திரிந்தார்கள் என்றுதான் எழுதிவைப்பார், அதற்கு மதிப்பெண்ணும் குறைப்பார்கள்! முதல் ஆண்டிலேயே பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும் ஒரு வினையை விதிவிலக்கு என்று கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளியவர்கள், ‘அமோ, அமாஸ், அமாத்’ என்ற ஒழுங்கான வினைக்கு மட்டும் முழுதாக இரண்டு பாடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள்.